லாக்கப் தாளில் மூன்றரை மணி

விசாரணை அதிகாரி தலைநகர் காஸ்ட்ரீஸிலிருந்து கிளம்பிவிட்டார் என்று போன் வந்தபோது மணி ஒன்பதே கால். மலைப்பாதையில் எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். சார்ஜென்ட் இக்னேஸ் போனை வைத்துவிட்டு அன்ஸ் மார்லோ போலீஸ் ஸ்டேஷனின் முன்கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவைச் சாத்தி கான்ஸ்டபிள் வெர்லினா பார்த்ததில்லை.

"அந்தத் தாளை எடு."

எடுத்தாள். முந்தின நாள் லாக்கப் தாள், அரை மணிக்கு ஒரு கோடு. கைதியை நேரில் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு கோட்டிலும் எழுத வேண்டும் என்பது சட்டம். கைதி டாக்டர் கேட்டால் அந்த நிமிடமே ஆளனுப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆனால் அந்த ஸ்டேஷனில் பகல் பன்னிரண்டு மணிக்கு டூட்டி ஏறுகிறவர்கள், நாலு மணி வரைக்கும் உள்ள கோடுகளை ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வார்கள். அவளும் அப்படித்தான் எழுதினாள். 'கைதி நலம். குறை சொல்லவில்லை.' ஒன்பது தடவை.

மூன்று பத்துக்குப் பின்பக்கம் போன இக்னேஸ்தான், லாக்கப்பில் கிளோவிஸ் நினைவில்லாமல் கிடந்ததைப் பார்த்தார். தனியாளாகத் தூக்கி ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ரம் கடைச் சண்டையில் பிடித்து வந்த மீனவன்; சர்க்கரை நோய்க்காரன். இன்னும் கண் திறக்கவில்லை. தாள் மட்டும், மூன்றரைக்கும் நாலுக்கும் அவன் லாக்கப்பில் நலமாக இருந்தான் என்று அவள் கையெழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

"இல்லாத ஆளைப் பார்த்திருக்க. ஆவி ஏதும் வந்துச்சா?" என்றார் இக்னேஸ். சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "ஸ்டேஷன் நாட்குறிப்புன்னா பக்கத்துக்குப் பக்கம் நம்பர் இருக்கு, கை வைக்க முடியாது. இதுக்கு நம்பர் கிடையாது. மூணு மணி வரைக்கும் எழுதி நிறுத்து. பழசை நான் பார்த்துக்கறேன்."

"வெளிய அவன் தங்கச்சி உட்கார்ந்திருக்கா, சார்ஜென்ட்."

"உட்காரட்டும். பேனா ஓடற சத்தம் அவளுக்குக் கேக்குமா?" குரலைத் தணித்தார். "வெர்லி, நான் ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கு. உனக்கு இருபது வருஷம் இருக்கு. இந்தத் தீவுல எந்த ஸ்டேஷன்ல எவன் அரை மணிக்கு ஒருதடவை எழுந்திரிச்சுப் போய்ப் பார்க்கறான், சொல்லு?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். பேனாவை எடுத்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டரை. கை தானாக ஓடியது. ஒன்று. ஒன்றரை. அடுத்த கோட்டில் 'கைதி' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

நேற்று இதே வரியை எழுதியபோது இரண்டு மணி இன்னும் வந்திருக்கவில்லை. எழுதியது பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியாது. தெரியாமல் இருந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அந்த இரண்டு மணி வந்து போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று இந்த ஸ்டேஷனில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இக்னேஸுக்குக்கூடத் தெரியாது.

"ஏன் நிறுத்தின?"

"கை வலிக்குது."

"நாலு வரிக்கா?"

வாசலில் கார் நின்றது. முக்கால் மணி நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. இக்னேஸ் பழைய தாளை நோக்கிக் கையை நீட்டினார். வெர்லினா அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கதவு தட்டப்பட்டது.

"விடு," என்றார் மெல்ல. "வெர்லி, விடும்மா."

அவள் விடவில்லை. அவர்தான் போய்க் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

விசாரணை அதிகாரி திருமதி அல்சிண்டர் குள்ளமான பெண்மணி. மலைப்பாதைத் திருப்பங்களில் குடல் புரண்ட சோர்வு முகத்தில் இருந்தது. மேசைமேல் கிடந்த இரண்டு தாள்களையும், ஒன்று பாதியில் நிற்பதையும் பார்த்தார்.

"நேத்து லாக்கப் பாரா டூட்டி நீங்கதானே? சட்டப்படி நான் கேக்கறதுக்கு நீங்க பதில் சொல்லியாகணும். வக்கீலை வச்சுக்கிட்டுப் பேசவும் உங்களுக்கு உரிமை இருக்கு. வேணும்னா நான் நாளைக்கு வரேன்."

"வக்கீல் வேணும்னு சொல்லு," என்றார் இக்னேஸ்.

"சார்ஜென்ட், நீங்க வெளிய இருங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். திறந்த கதவு வழியாக, பெஞ்சில் அண்ணனின் சலவைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண் தெரிந்தாள். அவள் இக்னேஸைப் பார்த்து எழுந்து நின்றாள். அவர் நிற்காமல் போனார்.

நாளைக்கு என்றால் ஒரு ராத்திரி முழுதும் இருக்கிறது. அந்த ராத்திரியில் தன் மனசு எத்தனை நியாயங்களைச் சமைத்துவிடும் என்று வெர்லினாவுக்குத் தெரியும்.

"இன்னைக்கே சொல்றேன் மேடம்." இரண்டு தாள்களையும் அவர் பக்கம் நகர்த்தினாள். "ஒம்பது வரியும் பன்னண்டு மணிக்கே எழுதினது. ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கலை. இது, இப்ப எழுதினது."

"இது ஏன் ரெண்டு மணியில நிக்குது?"

"ரெண்டு மணிக்குக் கம்பியைத் தட்டினான். டாக்டர் வேணும்னு கேட்டான். ரெண்டு தடவை."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"தெளிவாக் கேட்டுச்சு."

"அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

வெர்லினா அந்தப் பெஞ்சைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்," என்றாள்.