ஏத்தத்தை மறந்த சாயங்காலம்

அந்தத் தீவின் மறைவில் தென்மேற்கு அலை எட்டிப் பார்க்காது. அடியில் நல்ல சேறு; நங்கூரம் கடித்துக்கொண்டால் விடாது. மேய்ன் மாநிலக் கடற்கரையில் ராத்தங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. படகுக்குப் பின்னால் மட்டும் ஒரு பாறை. கடல் வற்றிக் கிடந்ததால் பாசித் தலையோடு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

எங்கள் படகில் ஒரு வழக்கம். முன்னால் நின்று நங்கூரம் விடுகிறவர்தான் கேப்டன். பின்னால் சுக்கான் பிடிக்கிறவர் வாயைத் திறக்கக்கூடாது, கை ஜாடைக்குக் கட்டுப்பட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து முன்னால் நிற்பவன் என் கணவன் மெரில். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

இங்கே ராத்திரி கடல் ஒரு வீட்டுச் சுவர் உயரத்துக்கு ஏறும். அந்த ஏற்றத்தையும் ஆழத்தோடு கூட்டி, அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். குறைந்தால் நங்கூரம் பிடி விட்டுப் படகு நகர்ந்துவிடும். அளவுக்காகச் சங்கிலியில் அங்கங்கே சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். அன்று இரண்டாவது சிவப்போடு மெரில் சங்கிலியைக் கட்டிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான்.

"எஞ்சினை அமத்து, பெர்ட்டா! பசி கொல்லுது. இன்னிக்கு மட்டி சூப், என் கையால."

ஏற்றத்தை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை. ராத்திரி காற்று பலக்கும் என்று ரேடியோவில் வேறு சொல்லியிருந்தார்கள்.

வசந்தத்தில், அவன் ஞாபகமறதியைப் பற்றி டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும், காரில் ஏறாமலே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆள் பேரெல்லாம் மறந்தா மறந்துட்டுப் போகட்டும். ஏத்தத்தை மறந்தா அன்னிக்கே சொல்லிடு. பூசி மெழுகாதே. அதுக்கப்புறம் நான் முன்னால நிக்கமாட்டேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

சத்தியமாவது ஒன்றாவது! உள்ளே சீட்டியடித்துக்கொண்டு வெங்காயம் வதக்குகிறவனிடம் போய் எப்படிச் சொல்வது? அவனுக்குத் தெரியாமல் மிச்சத்தை விட்டுவிடலாம் என்று பூனை மாதிரி முன்னால் போய்ச் சங்கிலியின் கட்டை அவிழ்த்தேன். சங்கிலி கடகடவென்று ஓடியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரும்புச் சங்கிலியைச் சத்தமில்லாமல் யாரால் விட முடியும்? படகே அதிர்ந்தது.

சீட்டி நின்றது. மெரில் கரண்டியும் கையுமாக மேலே வந்தான். என்னைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். பாசி முழுக ஆரம்பித்திருந்தது.

"ஏத்தம்," என்றான்.

"ஆமா."

"ஏன்டி சொல்லல?"

"வாய் வரல மெரில்."

"காலம் பூரா வாயாடிட்டு, இன்னிக்குத்தான் வாய் வரலயாக்கும்!" கத்தினான். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "ராத்திரி பாறைல மோதியிருப்போமே. நீயும்தானே உள்ள தூங்கியிருப்ப."

நான் அழுதேன். அவன் கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். நான்காவது சிவப்பும் போகிறவரை சங்கிலியை விட்டு நானே கட்டினேன். சூப் அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டோம்.

ராத்திரி காற்று அடித்துத் தீர்த்தது. நங்கூரம் அசையவில்லை. விடியும்போது பாறை மறுபடி தலைகாட்டியது.

காப்பியோடு மேலே வந்தேன். மெரில் சுக்கான் பக்கத்தில், என் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன முழிக்கற? முன்னால போ. கேப்டன் கை காட்டாம நான் எஞ்சினைத் தொடமாட்டேன்."

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. காப்பியை அவன் பக்கத்தில் வைத்தேன். முன்னால் போய் நின்று கையைத் தூக்கினேன்.

வாயைத் திறக்காமல் எஞ்சினைப் போட்டான்.