ஊதாக் கோடு

"மறந்துட்டேன்" என்று சொல்லி பிளாத்தோன் கர்ப்போவிச்சின் தேர்வில் யாரும் தப்பியதில்லை. போர்முனையிலிருந்து திரும்பி, வடக்கே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்து, பிறகு எங்கள் வோல்காக்கரைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டப் பேராசிரியர் ஆனவர். தண்டவாளத்தை மாற்றிவிட மறந்த ஒரு ரயில்வேக்காரனின் வழக்கில் ஆரம்பித்து, வாழ்நாள் முழுக்கக் கவனக்குறைவைப் பற்றியே எழுதினார். முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும், யோசித்திருக்கவும் முடியும் என்றால் அவன் குற்றவாளிதான். அவருடைய தடித்த புத்தகத்தின் சாரம் இவ்வளவுதான்.

அவருடைய கடைசி மாணவர் கிளெப் ஷுபின், நாற்பத்தொரு வயதுப் போலீஸ் புலனாய்வாளர். வேலைக்கு நடுவே எட்டு வருடம் எழுதிய ஆய்வுக்கு அன்று வாக்கெடுப்பு. பதினைந்து உறுப்பினர்கள், ரகசிய வாக்கு, பட்டத்துக்குப் பத்து தேவை. பக்கத்து அறையில் கிளெப்பின் மனைவி முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட பிரோக்கும் கோன்யாக் மதுவும் எடுத்து வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் முடிவு வரும் முன்பே விருந்து தயாராகிவிடும்.

குழுவின் செயலாளர் நான், ஸோயா. அதுவரை வாக்குச் சீட்டில் வேண்டாததை அடித்துவிடுவதுதான் வழக்கம். அந்த வருடம் புதுச் சீட்டு வந்தது, வேண்டியதன் மேல் கோடு போட வேண்டும். இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். அப்போது பேராசிரியர் பை பையாகத் துழாவிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

எண்ணும்போது ஒரு சீட்டில் 'பட்டம் வழங்கக் கூடாது' என்பதன் மேல் தடித்த ஊதாக் கோடு. அந்த அறையில் ஊதா மசியில் எழுதுகிற ஆள் பேராசிரியர் ஒருவர்தான். எண்ணுபவர்களின் தலைவர், கோடு கோடுதான் என்று அதை எல்லோர் கண்ணிலும் படும்படி எதிர்ப்புப் பக்கம் வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை என் மேல் எனக்கே கோபம்.

ஆதரவு ஒன்பது, எதிர்ப்பு ஆறு. ஐந்து எதிர்ப்பில் யாருக்கும் ஆச்சரியமில்லை, சிவில் சட்டக்காரர்கள் பேராசிரியரோடு பேசியே இருபது வருடம் ஆகிறது. ஆறாவது யார்? கிளெப் தன் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணிக்கையை எல்லோரும் கை தூக்கி ஒப்புக்கொண்டால்தான் செல்லும். கைகள் எழும்போது பேராசிரியர் எழுந்து நின்றார்.

"ஊதாக் கோடு என்னுது. பழைய பழக்கத்துல வேண்டாததை அடிச்சிட்டேன். ஸோயா படிச்சது காதுல விழல."

குழுத் தலைவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதற்குள் சிவில் சட்டத்து கபித்தோலினா சவ்விச்னா, தானும் அப்படித்தான் அடித்த ஞாபகம் என்றார். எதை அடித்தீர்கள் என்று தலைவர் கேட்டார்.

"அதெப்படிச் சொல்றது? ரகசிய ஓட்டுல்ல?"

இன்னும் இரண்டு பேர் தலையைச் சொறிய ஆரம்பித்தார்கள். மறுவாக்கெடுப்பு என்று தலைவர் அறிவித்தார். இந்த முறை ஒவ்வொருவரிடமும் போய் விரலால் தொட்டுக் காட்டினேன். பேராசிரியர் அழுத்திய அழுத்தில் சீட்டே கிழிந்தது.

ஒன்பது, ஆறு.

மூன்று தடவை எண்ணினோம். கிழிந்த சீட்டு ஆதரவில்தான் இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். அப்படியானால் முதலில் எதிர்க்க நினைத்து, பழைய வழக்கப்படி அடித்துத் தவறாக ஆதரித்த யாரோ இப்போது சரியாக எதிர்த்திருக்கிறார்கள். அவர் சொன்னதால் ஒரு வாக்கு வந்தது, அவர் சொன்னதாலேயே ஒன்று போனது. நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. பட்டம் இல்லை என்ற முடிவுக்கு எல்லோரும் கை தூக்கினோம்.

நடைவழியில் பேராசிரியர், தேர்வில் தோற்றவர் மாதிரி கிளெப்பின் முன் நின்றார்.

"யோசிச்சிருக்கணும், யோசிச்சிருக்கவும் முடியும். எழுதினவனே நான்தான்."

கிளெப் அவரை நேராகப் பார்த்தார்.

"ஆறாவது ஆள் நீங்கதான்னு நெனச்சிட்டேன், பிளாத்தோன் கர்ப்போவிச். மனசறிஞ்சு போட்டீங்கன்னு. நீங்க எழுந்து சொல்ற வரைக்கும் பட்டத்தைப் பத்தி எனக்கு நெனப்பே வரல."

பிறகு அவர் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய், ஆறிப்போன பிரோக்கில் முதல் துண்டை அவருக்கு வெட்டி வைத்தார்.