முப்பத்திரண்டாவது ஆள்

போதகர் பாடலின் மூன்றாவது அடியைத் தொடங்கியபோதுதான் பலாலி விமானத்தளப் பக்கமிருந்து குண்டு போடுகிற பொம்மரின் இரைச்சல் கேட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் அந்த வரியை முழுதாக முடித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை.

சவப்பெட்டியருகே இருந்தபடியே வினிபிரட் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு கதிரைகூட விழவில்லை. ஒருவரும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு நல்லம்மா, பாரிசவாதக்காரரான தன் தமையனைத் தாங்கிக்கொண்டு குசினிக் கதவால் இறங்கினாள். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி மாமரத்தடியில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குப் போனார்கள். அதன் வாசலில் நின்று அயலவன் மார்க்கண்டு இறங்குகிறவர்களை எண்ணத் தொடங்கினான்.

பெட்டிக்குள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் படுத்திருந்த அவள் கணவர் இராசசிங்கம் உயிரோடு இருந்திருந்தால், இந்நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

இங்கிலாந்தில் கடலோர அணுமின் நிலையமொன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர் அவர். உலையில் ஏதும் பிழைத்துப்போனால் ஊர்ச்சனம் என்ன செய்யவேண்டும் என்று திட்டம் போடுவதுதான் வேலை. எப்போது அபாயச் சங்கு ஊதுவது, எந்தத் தெருவுக்கு எந்த பஸ், அயடின் குளிசையை யார் கொடுப்பது, நடக்கமாட்டாதவரை யார் தூக்குவது, கடைசியில் ஆட்களை யார் எண்ணுவது. இருபத்திரண்டு வருடமும் ஒத்திகைதான். உண்மையாகச் சங்கு ஊத ஒருநாளும் தேவைப்படவில்லை.

"நான் உப்பிடி ஒரு வேலை செய்தனான் எண்டு ஆருக்கு வினி தெரியும்?" என்று, ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான சண்டிலிப்பாய்க்கு வந்த அன்று கேட்டார்.

"தெரியாமல் போனதுதானே நல்லது" என்றாள்.

போன வருடம் செர்னோபிலில் உலை வெடித்ததாக வானொலியில் செய்தி வந்தபோது, பிள்ளைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிற பால்மா கொடுக்கலாமோ என்று கேட்க அயலே திரண்டு வந்தது. வந்தவர்களை அவர் சும்மா அனுப்பவில்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்துப் பங்கர் வெட்டுவித்தார். "உலையில்லாட்டி என்ன, மேலாலை பிளேன் போகுதுதானே?" அன்றிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒத்திகை. முடிந்ததும் வினிபிரட் எல்லாருக்கும் உழுந்துவடை சுட்டுக் கொடுப்பாள். அயலவர்கள் அதற்கு வடைப் பயிற்சி என்று பெயர் வைத்தார்கள்.

"அண்ணை, இந்த மாசம் பயிற்சியை விட்டிட்டு வடையை மட்டும் வைப்பமே?" என்று மாதாமாதம் கேட்பவன் மார்க்கண்டு. எண்ணுகிற பொறுப்பை அவனிடம்தான் கொடுத்தார்.

நேற்று விடிய, பல் தீட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்தார். அதற்கு மட்டும் அவரிடம் ஒரு திட்டமும் இருக்கவில்லை.

வீடு வெறுமையாகிவிட்டது. வினிபிரட் எழும்பவில்லை. முப்பத்தைந்து வருடம் கூட இருந்த மனுசனைத் தனியே விட்டுவிட்டுப் போவதா? பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னோடை சேர்த்து முப்பது!" மார்க்கண்டு வீட்டைப் பார்த்துக் கத்தினான். "வினியக்கா, நீங்கள்தான் மிச்சம்!"

"நீ உள்ளை இறங்கு தம்பி. நான் இவரோடை இருக்கிறன்."

"கடைசி ஆள் வராமல் எண்ணிறவன் இறங்கேலாது. அண்ணையின்ரை சட்டம்."

"அவர்தான் போயிட்டாரே!"

"சட்டம் போகேல்லையே அக்கா!"

பொம்மர் வட்டமடித்துத் திரும்பியது. வெட்டவெளியில், வெயிலில், அவன் அசையாமல் நின்றான். முகத்தில் பகிடி இல்லை. கலியாணமாகாத இரண்டு குமர்ப்பிள்ளைகளின் தகப்பன்.

வினிபிரட் எழும்பினாள். வேகமாக நடந்தாள்.

இருவரும் இறங்கிக் குந்தவும் நிலம் தூக்கிப்போட்டது. குண்டு புகையிலைத் தோட்டப் பக்கம் விழுந்திருக்க வேண்டும். வீட்டு ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. பிறகு இரைச்சல் தேய்ந்து கடற்பக்கம் போய்விட்டது.

இருட்டுக்குள் மார்க்கண்டு திரும்பவும் எண்ணினான். "முப்பத்திரண்டு வருது" என்றான் மெதுவாக. "ஒராள் கூட."

எல்லாருடைய நினைப்பும் வீட்டுக்குள் பெட்டியில் கிடந்தவரிடம்தான் போனது. அப்போது மூலைப்பக்கமிருந்து மீன் மணம் வந்தது.

"அது நான், சிமியோன்" என்றது ஒரு குரல். "சைக்கிளிலை மீன் கொண்டு போனனான். மார்க்கண்டண்ணை வீட்டைப் பாத்துக் கத்தேக்கை புகுந்திட்டன். செத்தவீடெண்டு சத்தியமாய்த் தெரியாது."

"செத்தவீட்டுக்கு மீன்கூடையோடை வந்தவன் நீ ஒருத்தன்தான் மோனை" என்றாள் நல்லம்மா. "அது கிடக்கட்டும், என்ன மீன்?"

"விளைமீன்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பங்கர் முழுக்கத் தொற்றிக்கொண்டது. போதகரும் சிரித்தார். வினிபிரட் நல்லம்மாவின் தோளில் சாய்ந்து வயிறு நோகச் சிரித்தாள்.

வெளியே வந்தபோது ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. "எல்லாரும் சரி அக்கா" என்றான் மார்க்கண்டு.

"அவரிட்டைச் சொல்லு."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியின் கால்மாட்டில் நின்றான். "எல்லாரும் சரி அண்ணை" என்றான். கொஞ்சம் யோசித்து, "ஒராள் உபரி" என்றான்.

கூரையில் இரண்டு மூன்று இடங்களில் வானம் தெரிந்தது. போதகர் பாட்டுப் புத்தகத்தைத் தட்டித் துடைத்து, எந்த அடியில் விட்டோம் என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். பாட்டுத் தொடங்கியது.

கோட்டின் தோளில் படிந்திருந்த ஓட்டுத் தூசியை வினிபிரட் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டாள். பிறகு கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.