மூட்டையில் அடங்காதது

செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. பாதி நிரப்பியவர்களை அந்த இணையதளம் காலையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு நிரல் எழுதியவள் இவள். தள்ளப்பட்டவர்களில் இவள் தங்கையும் ஒருத்தி.

கூட்டம் மிஞ்சினால், ஒரு சர்வர் தன்னிடமுள்ள விண்ணப்பங்களை மூட்டை கட்டி அடுத்ததற்கு அனுப்பும். விண்ணப்பத்துக்குள் மின்னஞ்சல் அனுப்பும் சேவையையும், தளத்தைத் தாங்கும் ஜாவா மென்பொருள் கட்டமைப்பு கோத்து வைத்திருந்தது. அது மூட்டையில் அடங்காது; கட்டும்போதே பிழை விழுந்து, எழுதிக்கொண்டிருந்தவர் வெளியே தள்ளப்பட்டார். ‘டிரான்சியன்ட்’ என்று அதன்மேல் குறித்தாள். இதைக் கட்டாதே, விட்டுவிடு என்று பொருள். பிழைச் செய்தி வருவது நின்றது.

“கல்லுல நார் உரிச்சிட்டியேம்மா!” என்றார் டீம் லீடர்.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மறுபக்கம் மூட்டை பிரிந்தபோது சேவை இருந்த இடம் காலி. கட்டமைப்பு திரும்பி வந்து அதை நிரப்பவில்லை. இப்போது ஆட்கள் கடைசிப் பக்கம்வரை போய், ‘அனுப்பு’வை அழுத்தி, அங்கே விழுந்தார்கள். பிழையைத் தீர்க்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

விண்ணப்பத்தில் விவரங்களை மட்டும் வைத்துவிட்டு, சேவையை வெளியே எடுத்தாள். சோதனையில் ஓடியது.

“இந்தத் திருத்தத்த இப்பவே சைட்டுல போட்டா, எழுதிட்டிருக்கறவங்களுக்கு எல்லாம் அழிஞ்சிடும்,” என்றார் லீடர். “போடலன்னா, சர்வர் மாறினவங்களுக்கு விண்ணப்பம் போகவே போகாது. நீயே சொல்லு.”

தங்கையைப் போனில் அழைத்தாள்.

“இன்னும் தள்ளலக்கா! உன் சைட்டுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு. போட்டோ மட்டும் ஏத்தணும். இன்னொரு பத்து நிமிஷம்.”

தங்கைக்கு இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். பத்து நிமிடம் பொறுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? திரையில் தோல்விகள் வரிவரியாக ஏறின. ஒவ்வொரு வரியிலும் ஒருத்தி இருந்தாள். அவர்களுக்கும் வயது தாண்டும். பொறுத்துவிட வேண்டும் என்று தன் மனம் எவ்வளவு சுலபமாகக் கெஞ்சுகிறது என்பதே அவளைப் பயமுறுத்தியது.

“போட்டுடலாம் சார்,” என்றாள். போட்டாள்.

“அக்கா! எல்லாம் போச்சு!”

“முதல்லேருந்து எழுதுடி. இனிமே தள்ளாது.”

“நீயா பண்ணின?”

“ஆமா.”

அந்தப் பக்கம் விசை ஒன்றிரண்டு தட்டும் சத்தம் கேட்டு நின்றது. பிறகு, “பேரை அடிக்கவே கை வரலக்கா.”

“அடி. நான் லைன்லயே இருக்கேன்.”