சேவுகன் பேரில் உள்ள வாரண்டு

மலையாண்டியின் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டுவதற்குள் மகள் பிச்சையம்மாளுக்கு வேர்த்துவிட்டது. வலது விரல் சொன்னபடி கேட்டது. இடதுதான் அடங்கவில்லை. முடிச்சுக்குள் தள்ளத் தள்ள நிமிர்ந்துகொண்டு நின்றது. நாற்பது வருஷம் உளியைப் பிடித்த விரல். சம்மட்டி தவறியபோதெல்லாம் அதன் தலையில்தான் விழுந்திருக்கிறது. நகம் பாதிதான் இருந்தது. சதையில் கோணலாக ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் நீலமாக ஒரு கோடு.

"நீலம் பாரிச்சிருச்சு பாரு. உசுரு விடியறதுக்கு முன்னாடியே போயிருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்.

"வெரல பாத்தியா? இன்னமும் குடிக்கத்தான் கேக்குறாரு எங்கண்ணன்" என்றார் வாசலில் நின்ற ராக்கன். பிச்சையம்மாளுக்குச் சித்தப்பா.

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதென்று இரண்டு பேர் வெளியே போனார்கள்.

பதினைந்து நாளைக்கு முன்னால் மலையாண்டி காலையில் எங்கோ போனார். பொழுது சாயத் திரும்பி வந்தவர் வாசற்படியில் விழுந்தார். நாக்கு இழுத்துக்கொண்டது, கால் விளங்கவில்லை. கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அன்றிலிருந்து இடது கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள், தலையை ஆட்டினார். கஞ்சி கொடுத்தார்கள், இன்னும் வேகமாக ஆட்டினார். ராக்கன் கள்ளு வாங்கி வந்து ஊற்றினார். மலையாண்டி அதை அப்படியே தம்பியின் முகத்தில் துப்பினார். "பழசு போலருக்கு" என்று ராக்கன் மறுநாள் புதுக்கள்ளாக வாங்கி வந்தார். "இடக்கையாலயா குடிக்கக் கேப்பாக? புத்தி பெசகிருச்சு" என்று பொன்னுத்தாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்? பதினைந்து நாளும் அந்த விரலைக் கண்டவர்களெல்லாம் எதையாவது ஊற்றினார்கள்.

நாக்கு நன்றாக இருந்த காலத்தில் மலையாண்டி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "எம் மகன் சேவுகன் கொள்ளி வச்சாத்தான் நான் வேகுவேன். வேற எவனாச்சும் வச்சா எந்திரிச்சு ஒக்காந்துக்குவேன்." இப்போது எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேவுகன் கொடும்பாளூர்ப் பக்கத்து இந்தத் தெருவில் கால் வைத்து ஒன்பது வருஷமாகிறது. அவன் உடைத்துப் போட்ட ஜல்லிக் குவியலை அளக்க வந்த ஓவர்சியர் குவியலைக் காலால் எத்தி, "இது கல்லாடா, புழுக்கையா?" என்று கேட்டார். சேவுகன் அளவுச் சங்கிலியோடும் தொப்பியோடும் அவரைத் தூக்கி ஊருணியில் போட்டான். தொப்பி முதலில் மிதந்தது, அப்புறம் ஓவர்சியர். வாரண்டு வருகிறதென்று கேட்டதும் சேவுகன் சமஸ்தான எல்லைக்கல்லைத் தாண்டி, அந்த வாரண்டு செல்லாத வெள்ளைக்காரன் சீமைக்குள் போய், அங்கே கல் உடைக்கும் ஒரு கல்லாங்குத்தில் சம்மட்டி பிடித்தான். சந்தை நாளில் தங்கச்சி பிச்சையம்மாள் எல்லைக்கல் வரைக்கும் போய்க் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டு வருவாள். அவன் அங்கிட்டு நின்று வாங்கிக்கொள்வான். இங்கிட்டு ஒரு விரற்கடை வரமாட்டான்.

"அந்த வாரண்டு இன்னம் நிக்கிதா, தீந்துருச்சான்னு தாலுகாக் கச்சேரியில பாத்துப்புட்டா போதும்" என்றார் ராக்கன். "ஆம்பளை போனா வம்பு. எங்க வம்சத்துல எல்லாப் பயலுக்கும் ஒரே மூஞ்சி. இவந்தான் சேவுகன்னு ஒக்கார வச்சுருவாங்க. ஆத்தா பிச்சை, நீ போ. நான் எல்லைக்குப் போயி அவனக் கல்லுகிட்ட நிறுத்தி வைக்கிறேன்."

பிச்சையம்மாளின் புருஷன் கொழும்புத் தோட்டத்தில் இருந்தான். அனுப்ப வேறு ஆளில்லை. கொண்டையை முடிந்துகொண்டு ஐந்து மைல் நடந்தாள்.

கச்சேரிப் புளியமரத்தடியில் மனு எழுதும் ஆத்மநாதன் தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வாரண்டுக்கு ரெண்டு புஸ்தகம் இருக்கும்மா. நிக்கிறது ஒண்ணு, தீந்தது ஒண்ணு. பேரு, தகப்பன் பேரு, ஊரு, வருஷம், இந்த நாலும் மனுவுல இல்லேன்னா உள்ள இருக்கிற குமாஸ்தா அட்டையைக்கூடத் தொறக்கமாட்டாரு. எதுக்குன்னு கேப்பாரு. அப்பன் செத்துட்டாரு, அண்ணனக் கூப்பிடணும்னு மட்டும் சொல்லிப்புடாதே. ஒனக்கு முன்னாடி போலீசு சுடுகாட்டுல போயி நிக்கும்."

"அப்ப என்ன சொல்றதுங்க?"

"மாப்பிள்ளை பாக்குறோம்னு சொல்லு. பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடி விசாரிக்கிறோம்னு சொல்லு."

குமாஸ்தா ஆவுடையப்பன் மனுவை இரண்டு தரம் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டீரா ஓய்!" என்று காலியாயிருந்த பக்கத்து நாற்காலியிடம் சொன்னார். "இருபது வருஷமா இந்தப் புஸ்தகத்தக் கட்டிக்கிட்டு அழுவுறேன். ஒருத்தனாச்சும் பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடி வந்து பாத்தானா? ஜாதகம் பாக்குறான், பல்லி சத்தம் பாக்குறான். வாரண்டு பாக்குறதில்ல. ஒனக்கு இருக்கிற புத்தி ஒருத்தனுக்கு இல்லேம்மா. பொண்ணு யாரு?"

"நாத்தனா மகளுங்க."

"மாப்பிள்ளை என்ன குத்தம் பண்ணுனதாக் கேள்வி?"

"ஓவர்சியர ஊருணியில தள்ளுனதாப் பேசிக்கிறாங்க எசமான்."

"ஊருணிக்குன்னு தனி செக்ஷன் இல்லையே" என்று முணுமுணுத்தபடி ஆவுடையப்பன் தடித்த புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். தும்மினார். எச்சிலைத் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். பிச்சையம்மாள் வாசல் வெயிலைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தூக்கியாக வேண்டும். வெயில் ஏற ஏறப் பிணம் தாங்காது.

"இந்தா இருக்கான். சேவுகன், தகப்பன் மலையாண்டி. ஓவர்சியரத்தான். அடேயப்பா, மூணு மாசத்துக்கு ஒரு தரம் ஆளு தேடிப் போயிருக்கு. அகப்படவில்லை, அகப்படவில்லை, அகப்படவில்லை… நம்ம கான்ஸ்டேபிளுக்கு இந்த ஒரு வார்த்தை நல்லா எழுத வருது." சட்டென்று புரட்டுவதை நிறுத்தினார். "அடடா! சிவப்பு மசியில அடிச்சிருக்கே." தீர்ந்த புத்தகத்தை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"இந்தச் சம்பந்தம் வேணாம்மா."

"ஏங்க? வாரண்டு நிக்கிதுங்களா?"

"வாரண்டு இல்ல. மாப்பிள்ளையும் இல்ல. செத்துட்டான். வெள்ளைக்காரன் சீமையில வாந்திபேதியாம். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி அவங்கப்பனே வந்து எழுதி வச்சிருக்காரு. ஊர் மணியக்காரரும் ஆமான்னு சொல்லியிருக்காரு. அதோட வாரண்டு தீந்துபோச்சு. இந்தா பாரு, கெழவன் வச்ச கைநாட்டு."

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

பிச்சையம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தத் தாளில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது ஒன்று இருந்தது. பாதி நகத்தால் ஓரம் மழுங்கி, நடுவில் கோணலாக வெள்ளைக்கோடு ஓடிய நீல ரேகை. காலையில் முடிச்சுக்குள் எத்தனை தரம் தள்ளியும் அடங்காத விரல்.

அவளுக்குக் கள்ளு ஞாபகம் வந்தது. கஞ்சி ஞாபகம் வந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கண்ணில் நீர் வழிய அவர் அந்த விரலைக் காட்டியதும், மூக்கைப் பிடித்துத் தான் ஊற்றியதும் ஞாபகம் வந்தது. சேவுகன் இனி வரலாம் என்றுதான் அந்த விரல் பதினைந்து நாளும் சொல்லியிருக்கிறது.

மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்படியொரு அழுகை அழுதாள். வீட்டில் பிணத்தின் முன்னால்கூட அவள் அப்படி அழவில்லை.

ஆவுடையப்பன் பதறி எழுந்தார். "என்னம்மா இது! இன்னம் பரிசங்கூடப் போடலை. இவன் போனா இன்னொருத்தன். கல்லு மாதிரி மாப்பிள்ளை நான் பாத்துச் சொல்றேன், எந்திரி!" கூஜாவிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி நீட்டினார். "குடி."

அவள் குவளையைப் பார்த்தாள். அழுகை இரட்டிப்பாயிற்று.

எல்லைக்கல் ஓரத்தில் சேவுகன் அங்கிட்டு, கால் இரண்டையும் மடக்கி வயிற்றோடு கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். நீட்டினால் சமஸ்தானத்துக்குள் வந்துவிடும். ராக்கன் இங்கிட்டு நின்று அவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிண்ணே" என்றாள் பிச்சையம்மாள். "நீ செத்து பதினஞ்சு நாளாச்சு."

"என்னாது?"

"வாந்திபேதியில போயிட்டே. அய்யா கைநாட்டு வச்சிருக்கு. வா, பொழுது போவுது."

சேவுகன் ஒரு காலை நீட்டி இந்தப் பக்கத்து மண்ணில் வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுகாலையும் வைத்தான்.

"போன சந்தைக்கு நான் குடுத்துவிட்ட கருவாட்ட அப்ப யாருடா தின்னது?" என்றார் ராக்கன்.

வீட்டுக்குள் நுழையும்போது சேவுகனுக்குத் தலையும் மீசையும் மழித்தாகியிருந்தது. தெரு முழுக்கப் பார்த்தது, தெரு முழுக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நீர்மாலை எடுத்துவந்து பிணத்தைக் குளிப்பாட்ட உட்காரவைத்த நேரத்தில்தான் மணியக்காரர் சாவைப் பதிந்துபோக வந்தார். சம்பிரதாயத்துக்குக் குடையை மடக்கினார்.

"கொள்ளி யாரு?"

"எம் மகனுங்க" என்றார் ராக்கன்.

"ஒனக்கு ஏதுடா மகன்?"

"இன்னிக்கி மட்டுங்க."

மணியக்காரர் சேவுகனைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். சேவுகன் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான்.

"ஆளு எல்லைக்கு அங்கிட்டா?"

"ஆமாங்க" என்றாள் பிச்சையம்மாள்.

"காரியம் முடிஞ்சதும் அங்கிட்டே போயிரச் சொல்லு. தொப்பியோட முங்குனவன் இன்னம் இந்தத் தாலுகாவுலதான் அளந்துக்கிட்டுத் திரியிறான்." வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் பிணத்துக்கு நேராக வந்து நின்றார். "ஆட்டுக்கல்லு நல்லா அரைக்குது மலையாண்டி. பாத்தா சொல்லணும்னு இருந்தேன்."

போன மாசம் மலையாண்டி யாருக்கென்று சொல்லாமல் ஓர் ஆட்டுக்கல் கொத்தினார். அது எங்கே போனதென்று பிச்சையம்மாளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மணியக்காரர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பறைக்காரர்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சத் தொடங்கினார்கள். பொன்னுத்தாய் தண்ணீர் ஊற்ற, சேவுகன் சீயக்காயைக் குழைத்துத் தகப்பனின் நெஞ்சிலும் தோளிலும் தேய்த்தான். கல்துகள் ஏறி மரத்துப்போன தோள். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறமாய்த் தண்ணீர் ஓடியது. விரல்கட்டை அவிழ்த்தான். இடது கட்டைவிரல் எழுந்துகொண்டது. அதைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தித் தேய்த்தான். முகத்தருகே தூக்கிப் பார்த்தான். மறுபடி தேய்த்தான்.

"இதென்ன நீலக்கறை பிச்சை? எம்புட்டுத் தேய்ச்சாலும் போகமாட்டேங்குது."

"அது கெடக்கட்டும்ணே" என்றாள் பிச்சையம்மாள். "மத்த வெரலத் தேய்."

பொன்னுத்தாயிடமிருந்து செம்பை வாங்கிக்கொண்டு, அந்த விரலில் படாமல் தண்ணீரை ஊற்றினாள்.