டிமயூகாக்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர்

டிமயூகா என்ற குடும்பப் பெயரோடு அதிகம் பேர் வாழ்வது பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தில். அதற்கு அடுத்தபடி இலங்கையில் தெரணியகலைக்கு மேலே, கல்கந்தைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்: இருபத்து நான்கு வீடு, நூற்று நாற்பத்து மூன்று பேர். ஏழு வருடத்துக்கு முன்பு அந்த எண்ணிக்கை மூன்று.

கன்னையாவின் மகள் விஜயகலா கத்தாருக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்த ரொடெல் டிமயூகாவைக் கட்டிக்கொண்டு, அவனோடும் கைக்குழந்தையோடும் லயத்துக்கே திரும்பினாள். தோட்டத்தில் அதுவரை குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பேரில் முதல் எழுத்து, பிறகு தன் பேர், அவ்வளவுதான். தன் நாட்டை ஆண்ட ஸ்பானியர், ஆளுக்கொரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஊர் ஊராகப் பட்டியல் அனுப்பியபோது தன் முன்னோர் அதில் ஒன்றையும் தொடவில்லை, சொந்தப் பேரையே வைத்துக்கொண்டார்கள் என்று ரொடெல் சொன்னான். டிமயூகா என்றால் அசைக்க முடியாதவர் என்று அர்த்தமாம்.

"அசைய மாட்டாராமா? அப்ப மலைக்கு வேலைக்கு யாரு போறது?" என்றாள் பக்கத்து வீட்டு அழகம்மா.

அடுத்த மே மாதம் மண் சரிந்தது. கோழிக்கூடுகளும் அழகம்மாவின் குசினியும் ஆற்றோடு போயின. விஜயகலாவின் வீட்டில் அடுப்பிலிருந்த சோறு சிந்தாமல் வெந்து முடிந்தது. மறுவாரம் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது: ஆபத்தான இடம், ஒரு மாதத்தில் எல்லோரும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சீனியையும் தேயிலைத்தூளையும் இரவல் வாங்கிப் பழகிய லயம் அது. குடும்பப் பெயரை அப்படி வாங்க முடியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அழகம்மா வழக்கம்போல் காலித் தம்ளரோடு வந்து நின்றாள்.

"தங்கச்சி, ஒங்க வீட்டுப் பேர மழ முடியுற வரைக்கும் குடேன். திருப்பித் தந்துர்றேன்."

ரொடெல் பத்தாங்காஸிலிருந்த தன் தாயிடம் போனில் கேட்டான். எத்தனை பேருக்கு என்று மட்டும் அவள் விசாரித்தாள். அன்று மாலைக்குள் இருபத்து நான்கு கதவிலும் சுண்ணாம்பால் டிமயூகா என்று எழுதியாயிற்று.

ஜூன் பதினொன்றாம் தேதி மலை மறுபடி இறங்கியது. லயத்தின் பின்சுவர் வரை வந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் அரைமணி நேரம் நின்றது. பிறகு பக்கத்து ஓடை வழியாகப் போய்விட்டது. கெடு முடிந்த நாளில் நிர்வாகம் இரண்டு டிராக்டரும் ஆட்களும் அனுப்பியது. அழகம்மா உட்கார்ந்திருந்த முக்காலியை நான்கு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை.

"மெதுவா புத்தா, இடுப்பு புடிச்சுக்கும்" என்று அவர்களில் மூத்த சிங்களப் பையனை, மகனே என்று அவன் பாஷையில் கூப்பிட்டு, அக்கறையாகச் சொன்னாள்.

கடைசியில் பிரதேச செயலகத்திலிருந்து ஏரம்பமூர்த்தி வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். தானும் ஒருமுறை முக்காலியைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்கள் எல்லாருக்கும் ஒரே பேரோ?"

"ஆமாங்க ஐயா. இரவல் பேரு."

"நல்ல பேர்தான். விட்டிடாதேங்கோ."

இவர்களை அகற்ற இயலாது, காரணம் பெயர் என்று அறிக்கை எழுதினார். மறு வருடம் இருபத்து நான்கு வீட்டுக்கும் காணி உறுதிகள், அதாவது நிலப் பத்திரங்கள், வந்தன. எல்லாம் நின்ற இடத்துக்கே.

மழை நின்று வருடங்களாகிவிட்டன. பேரை யாரும் திருப்பித் தரவில்லை, விஜயகலாவும் கேட்கவில்லை. நேற்று கீழ்க்கணக்கிலிருந்து கிருஷ்ணகுமாரி ஒரு காலித் தம்ளரோடு வந்துபோனாள். அவள் வீட்டில் ஆறு பேர். மேலே சொன்ன எண்ணிக்கையில் அவர்களைச் சேர்க்கவில்லை.