வருத்தம் பார்க்க வந்தவள்

தாதி ரூபிகா, ஐறீனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூச்சு விடவைத்து, நாளைய ஒப்பரேசன் பயத்தை ஒருவாறு தணித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஐறீனின் கொட்டாஞ்சேனை மச்சாள் ஷெரோமி பிஸ்கட் பெட்டியோடு வந்து கட்டிலில் குந்தினாள்.

"எங்கட லேனில இருந்த மரியாக்காவுக்கும் இதே ஒப்பரேசன்தான். மயக்கம் தெளியவே இல்லை, பாவம். நீ ஒண்டுக்கும் பயப்படாத, என்ன?"

ஐறீன் திரும்பவும் ரூபிகாவின் கையை எட்டிப் பிடித்தாள். ஷெரோமியோ பெட்டியைத் தானே உடைத்து, பிஸ்கட்டைக் கடித்தபடி, மரியாக்காவின் செத்தவீட்டுச் சாப்பாடுவரை போய்விட்டாள். ரூபிகா ஷெரோமியை எழுப்பி வெளியே கூட்டிவந்தாள்.

வாசலில் ஷெரோமி நெஞ்சைத் தடவினாள். "மிஸி, ஆஸ்பத்திரி எண்டாலே எனக்குப் படபடக்கும். ஒருக்கா பிரஷர் பாருங்கோவன்."

"நீங்க ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ, என்ன?" என்று சொல்லிவிட்டு, ரூபிகா முகத்திலடித்தாற்போல் கதவைச் சாத்தினாள்.